அதே எண், வேறு கிருமி

மூன்று வாரப் பன்றிக்குட்டியைத் தூக்கினால் அது போடும் கூச்சல் காதைப் பிளக்கும். இடது கையால் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையிலுள்ள பஞ்சுக்குச்சியை மூக்குத் துவாரத்தில் மெல்ல நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். வெளியே வரும்போது பஞ்சு சாம்பல் நிறமாகியிருக்கும். தீவனத் துகள், உதிர்ந்த தோல், காய்ந்த சாணம் எல்லாம் கலந்த கொட்டில் தூசி அது. அந்தப் பஞ்சைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டு வந்தால், காலையில் பொன் மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆரியஸ் என்றால் பொன்னிறம். ஸ்டாஃபில் என்றால் திராட்சைக் கொத்து. சீழ்க்கட்டியில் எடுத்த திரவத்தை நுண்ணோக்கியில் பார்த்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் வைத்த பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ். இன்றும் நுண்ணோக்கியில் பார்த்தால் அதே திராட்சைக் கொத்துதான்.

பல வருடங்களாக இந்தக் கிருமியோடுதான் என் பிழைப்பு. பண்ணைகளிலிருந்து வரும் மாதிரிகளை வளர்ப்பது, வகை பிரிப்பது, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் சேமிப்பது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவை அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு குழாய்கள். ஒரே பண்ணை, ஒன்பது வருட இடைவெளி. இரண்டிலும் ஒட்டியிருந்த சீட்டில் ஒரே எண்: 398. இரண்டாவது குழாயை உள்ளே வைத்த அன்று என் குறிப்பேட்டில் "அதே திரிபு தொடர்கிறது" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி தவறு. எப்படித் தவறு என்று சொல்ல, அந்த எண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2004. நெதர்லாந்தில் அறுவை சிகிச்சைக்காக வந்த ஆறு மாதப் பெண் குழந்தைக்கு வழக்கமான பரிசோதனை செய்தார்கள். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃப், அதாவது எம்ஆர்எஸ்ஏ, இருந்தது. அந்த நாட்டு மருத்துவமனைகள் எம்ஆர்எஸ்ஏவைத் தேடித் தேடி ஒழிப்பதில் பெயர் பெற்றவை. பொதுமக்களிடம் அது அரிதினும் அரிது. குழந்தையின் பெற்றோர் வெளிநாட்டு மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள். குழந்தைக்கு எத்தனை முறை மருந்து கொடுத்தும் கிருமி திரும்பத் திரும்ப வந்தது. பெற்றோரிடமும் இருந்தது. அவர்கள் பன்றி வளர்ப்பவர்கள். அந்த வட்டாரத்துப் பன்றி விவசாயிகளைப் பரிசோதித்தபோது, நாட்டின் பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களிடம் எம்ஆர்எஸ்ஏ இருக்கும் வாய்ப்பு 760 மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள்.

அந்தக் கிருமியை வகை பிரிக்கப் போனபோது இன்னொரு சிக்கல். அன்று வழக்கத்தில் இருந்த முறை, ஸ்மா என்ற நொதியால் கிருமியின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு, விழும் பட்டைகளின் வரிசையைப் பார்ப்பது. கைரேகை பார்ப்பது மாதிரி. இந்தக் கிருமிக்குப் பட்டையே விழவில்லை. பக்கத்துத் தடங்களில் எல்லாம் ஏணிப்படி போலப் பட்டைகள், இதன் தடம் மட்டும் வெறுமை. காரணம் பிறகு தெரிந்தது. நொதி வெட்டும் இடத்திலுள்ள எழுத்துகளின் மேல் இந்தக் கிருமி ஒரு சிறு வேதி மூடி போட்டு வைத்திருக்கிறது. கத்திக்குப் பிடி கிடைக்கவில்லை. அதனால் கொஞ்ச காலம் இதை "வகைப்படுத்த முடியாத எம்ஆர்எஸ்ஏ" என்றே அழைத்தார்கள்.

பிறகு வேறு முறையில் எண் கொடுத்தார்கள். கிருமி உயிர்வாழ அன்றாடம் தேவைப்படும் ஏழு மரபணுக்களின் சிறு பகுதிகளைப் படித்து, அந்த ஏழின் சேர்க்கைக்கு ஓர் எண் கொடுப்பது அந்த முறை. அப்படிக் கிடைத்ததுதான் 398. இதையும் இதன் நெருங்கிய சொந்தங்களையும் சேர்த்து சிசி398 என்பார்கள்.

ஏழு மரபணுக்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கிருமியின் மொத்த மரபுத் தொகுப்பு ஏறக்குறைய 28 லட்சம் எழுத்துகள், 2,500க்கும் மேற்பட்ட மரபணுக்கள். அதில் மெதுவாக மாறுகிற ஏழின் பகுதிகளை வைத்துத்தான் பெயர். ஒரு குடும்பத்தின் இனிஷியல் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை என்பதால் வீட்டுக்குள் இருப்பவர்கள் மாறவில்லை என்று சொல்ல முடியுமா? நான் குறிப்பேட்டில் எழுதியது அதைத்தான்.

இது பன்றிக் கிருமி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. 19 நாடுகளில் சேகரித்த 89 சிசி398 மாதிரிகளின் முழு மரபுத் தொகுப்பையும் படித்து வம்ச மரம் வரைந்தார்கள். மரத்தின் அடியில் இருந்தவை மனிதர்களிடமிருந்து எடுத்தவை. மெத்திசிலினுக்கு அடங்கிப் போகிற, சாதாரண மனிதக் கிருமிகள். நம்மிடமிருந்துதான் அது கால்நடைக்குப் போயிருக்கிறது. போன பிறகுதான் மாறியிருக்கிறது.

ஒரு பண்ணையில் மாதிரி எடுக்கும்போது, இருபது வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இது பன்னிகிட்டேருந்து எனக்கு வந்துச்சா, என்கிட்டேருந்து பன்னிக்குப் போச்சா மேடம்?" இந்தத் துறையில் நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. "ரெண்டும் நடக்கும்ண்ணே. உங்க மூக்குலயும் ஒரு மாதிரி எடுத்துக்கவா?" என்றேன். மறுபேச்சில்லாமல் முகத்தை நிமிர்த்திக் காட்டினார். அந்த மாதிரிக்குக் கடைசியில் வருகிறேன்.

பன்றிக்குப் போன கிருமி எதை விட்டது, எதை எடுத்துக்கொண்டது?

விட்டது ஒரு ஃபேஜ். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் டிஎன்ஏவுக்குள்ளேயே குடியேறிவிடும். மனித ஸ்டாஃப் கிருமிகளில் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு குடியிருப்பு உண்டு. மனித உடலின் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றும் சில புரதங்களுக்கான மரபணுக்கள் அந்த ஃபேஜுக்குள் இருக்கின்றன. அவை மனித உடலுக்கென்றே செய்த சாவிகள். பன்றியின் உடலில் அந்தப் பூட்டே வேறு. உதவாத சுமையை இறக்கி வைத்துவிட்டது.

எடுத்துக்கொண்டவற்றில் முதன்மையானது டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபணு. 1950களிலிருந்தே கால்நடைத் தீவனத்தில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கலக்கப்பட்டன. நோய்க்கு மட்டுமல்ல, சீக்கிரம் எடை கூடுவதற்கும். அந்தச் சூழலில் இந்த மரபணு இல்லாத கிருமிக்குப் பன்றியின் மூக்கில் இடமில்லை. அடுத்தது மெத்திசிலின் எதிர்ப்பு. அது தனி மரபணுவாக வராது. மெக் என்ற மரபணு, இடம் விட்டு இடம் பெயரும் ஒரு டிஎன்ஏ பொட்டலத்துக்குள் கட்டப்பட்டு வரும். இந்தப் பொட்டலம் ஆரியஸுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று தேடினால், அதே மூக்கிலும் தோலிலும் வாழும் மற்ற ஸ்டாஃப் இனங்களிடம் போய்ச் சேர்வோம். சாதுவான இனங்கள், நோய் உண்டாக்குவது அபூர்வம், அதனால் பலரும் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எதிர்ப்பு மரபணுக்களின் கிடங்கே அவைதான். (பன்றிக்கென்றே இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹையிகஸ் தனிக் கதை. குட்டியின் உடம்பெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் பிசுபிசுத்துக் கறுத்துப் பொருக்கு தட்டிப்போகும் தோல் நோயை உண்டாக்குவது அது. அதைப் பற்றி வேறொரு நாள்.)

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சிசி398இல் பரவலாகக் காணப்படும் பொட்டல வகையில், மெக் மரபணுவுக்குத் துணையாகத் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணு ஒன்றும் இருந்தது. ஐரோப்பியப் பண்ணைகளில் குட்டிகளை ஏறக்குறைய நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பார்கள். பால் மறந்த அதிர்ச்சியில் வயிற்றுப்போக்கு வரும். அதைத் தடுக்கத் தீவனத்தில் துத்தநாக ஆக்சைடைத் தூக்கலாகக் கலந்துவந்தார்கள். அது ஆன்டிபயாடிக் இல்லை, ஆகவே பாதுகாப்பானது என்று நம்பினார்கள். ஆனால் துத்தநாகம் தாங்கும் கிருமி பிழைக்கும்போது அதே பொட்டலத்திலிருக்கும் மெத்திசிலின் எதிர்ப்பும் சேர்ந்தே பிழைக்கிறது. மெத்திசிலின் வகை மருந்து ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காத பண்ணையிலும் எம்ஆர்எஸ்ஏ செழிப்பது இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனிலிருந்து மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை நிறுத்திவிட்டது.

மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பும் தானாக மங்கிவிடும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவள் நான். எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது கிருமிக்குச் செலவு, தேவை போனதும் சுமையை இறக்கிவிடும் என்பது வாதம். மனித ஃபேஜை இறக்கி வைத்ததே, அதுபோல. 2022இல் வந்த இன்னோர் ஆய்வு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது. பல நாடுகளின், பல வருடங்களின் சிசி398 மரபுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில், மனித ஃபேஜ் திரும்பத் திரும்ப வந்தும் போயும் இருக்கிறது. கிருமி மனிதரிடம் திரும்பும்போது மறுபடி கிடைக்கிறது, பிறகு போகிறது. ஆனால் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு பல பத்தாண்டுகளாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மெத்திசிலின் எதிர்ப்பும் பெரும்பாலும் அப்படியே. மனித உடலுக்கான சாவி வந்து போகும் விருந்தாளி. நாம் மருந்தால் ஊட்டி வளர்த்ததோ வீட்டோடு தங்கிவிட்டது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. மருந்தைக் குறைக்கச் சொல்லி எத்தனை பண்ணைகளில் பேசியிருக்கிறேன்! இன்றும் பேசுகிறேன், பேச வேண்டும். நெதர்லாந்து 2009க்குப் பிறகு கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. பெரிய சாதனை, வேறு பல கிருமிகளில் அதன் பலன் தெரிந்தது. ஆனால் பன்றிகளின் மூக்கிலிருந்த எம்ஆர்எஸ்ஏ அதற்கேற்பக் கரைந்துவிடவில்லை. டென்மார்க் பன்றித்துறை 2010இல், மெத்திசிலினோடு உறவுள்ள செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைத் தானாகவே நிறுத்திக்கொண்டது. அதன் பிறகுதான் அங்கே எம்ஆர்எஸ்ஏ உச்சத்துக்கே போனது.

டென்மார்க்கின் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2008இல் அங்கே 5 சதவீதத்துக்கும் குறைவான பண்ணைகளில்தான் சிசி398 எம்ஆர்எஸ்ஏ இருந்தது. 2018இல் 90 சதவீதம். பத்தே வருடம். இத்தனை வேகத்தை மருந்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. மரபுத் தொகுப்புகளைப் படித்தபோது, பண்ணைக்குப் பண்ணை தனித்தனியாகக் கிருமி உருவாகவில்லை, பெரும்பகுதி மூன்றே கிளைகளைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அவை பரவிய வழி பன்றிகளை ஏற்றிச் செல்லும் லாரிகள். இன்றைய பன்றி வளர்ப்பு ஒரு கோபுரம் மாதிரி. உச்சியில் உயர்ரக இனப்பெருக்கப் பண்ணைகள் சில. அவற்றிலிருந்து பெட்டைகள் அடுத்த அடுக்குக்கு. அங்கிருந்து குட்டிகள் கொழுக்க வைக்கும் கொட்டில்களுக்கு. உச்சியில் ஒரு கிருமி புகுந்தால் மழைநீர் கூரையில் இறங்குவதுபோலக் கீழே இறங்கிவிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றுகிறது. அது போகுமிடமெல்லாம் போகிறது.

என் இரண்டு குழாய்களுக்கு இப்போது வருகிறேன். கிருமியின் டிஎன்ஏவில் தற்செயலாக எழுத்து மாறுவது ஏறக்குறைய ஒரு சீரான வேகத்தில் நடக்கும். 28 லட்சம் எழுத்துகளில் வருடத்துக்கு மாறுபவை இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதுதான் எங்கள் கடிகாரம். ஒன்பது வருடம் ஒரே கிருமி வம்சம் அந்தக் கொட்டிலிலேயே தொடர்ந்திருந்தால் இத்தனை எழுத்துகள்தான் மாறியிருக்க முடியும் என்று ஒரு வரம்பு சொல்லலாம். முழுத் தொகுப்பையும் படித்து வந்த வித்தியாசம் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பழைய குழாயிலிருந்தது புதியதற்குத் தாத்தா இல்லை, எங்கோ தூரத்துச் சொந்தம். பண்ணைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இடையில் ஒரு வருடம் பெட்டைகள் வாங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள். பழைய கிருமி இருந்த இடத்தில், பெட்டைகளோடு லாரியில் வந்த இன்னொரு 398 குடியேறியிருக்கிறது. ஒன்பது வருடம் நான் மாற்றமே இல்லை என்று நினைத்த இடத்தில் ஒரு வம்சம் அழிந்து இன்னொன்று வந்திருக்கிறது.

அதனால் "இந்தத் திரிபு காலப்போக்கில் மாறியது" என்று யாராவது சொன்னால், எந்த மாற்றம் என்று இப்போதெல்லாம் கேட்கிறேன். எழுத்துகள் மெல்ல மாறுவது ஒன்று. ஃபேஜும் பொட்டலமுமாக ஒரே தாவலில் வந்து போவது இன்னொன்று. ஒரு வம்சத்தின் இடத்தை வேறொன்று பிடிப்பது மூன்றாவது. முதலாவதை யாராலும் தடுக்க முடியாது. மூன்றாவது முழுக்க முழுக்க மனிதர்கள் போடும் கொள்முதல் ஆர்டரிலும் லாரிப் பாதையிலும் இருக்கிறது.

நார்வே அதைப் புரிந்துகொண்டு 2013 வாக்கில் ஒரு முடிவெடுத்தது. எம்ஆர்எஸ்ஏ கண்ட மந்தையைச் சிகிச்சையால் சுத்தம் செய்ய முயலாமல், கொட்டிலை முழுதாகக் காலி செய்து, கழுவி, கிருமிநாசினி தெளித்து, உலரவிட்டு, சோதனையில் தேறிய பன்றிகளை மட்டும் புதிதாகக் கொண்டுவருவது. 2014இலிருந்து நாடு முழுக்கக் கண்காணிப்பு. பாசிட்டிவாக வரும் மந்தைகள் அங்கே அபூர்வமாகவே நின்றன. சிறிய பன்றித்துறை, வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பன்றிகளை வாங்குவது மிகக் குறைவு, தொடங்கும்போதே பரவல் குறைவு. இந்த மூன்றும் இல்லாத நாட்டில் அதே வழி செல்லுபடியாகுமா என்பது கடினமான கேள்வி. 90 சதவீதத்தை எட்டிய பிறகு காலி செய்யக் கொட்டில் பாக்கியிருக்காது. ஆனால் 5 சதவீதத்தில் இருக்கும்போது முடிவெடுத்திருக்கலாம். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. நார்வேயில் கிருமி மந்தைக்குள் புகுந்த வழிகளைத் தேடியபோது பல இடங்களில் அது மனிதர்கள் வழியாக வந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகெங்கும் 398 என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆசியாவின் பல நாடுகளில், சீனா, தாய்லாந்து, மலேசியா உட்பட, பன்றிகளில் மேலோங்கியிருப்பது 9 என்ற எண் கொண்ட வேறொரு குடும்பம். வட அமெரிக்காவில் 398ஓடு 5ஆம் எண் குடும்பமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அங்குள்ள மனிதச் சமூகங்களில் பரவிய 93ஆம் எண் கிருமி பன்றிகளிலும் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு கதவு வழியாக உள்ளே வந்து, அதே மூக்கில், அதே மருந்துகளுக்கு நடுவே வாழப் பழகியிருக்கின்றன.

மனிதருக்கு என்ன ஆபத்து என்ற கேள்வி எப்போதும் வரும். நெதர்லாந்தில் பன்றி, கன்றுக் கொட்டில்களுக்கு வேலையாகப் போய் வந்த களப்பணியாளர்களைச் சோதித்ததில், போய்வந்த உடனே 17 சதவீதம் பேர் மூக்கில் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. 24 மணி நேரத்துக்குள் அவர்களில் 94 சதவீதம் பேரிடம் இல்லை. வந்து போகிறவரிடம் தூசியாகத் தங்கிக் கலைந்துவிடுகிறது. தினமும் கொட்டிலில் சுவாசிப்பவரின் நிலை வேறு. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மை. காயத்திலோ, அறுவை சிகிச்சையிலோ, தளர்ந்த உடம்பிலோ அது உள்ளே புகுந்தால், வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்துகள் கைகொடுக்காது என்பதும் உண்மை. அந்தத் தொழிலாளி என்னிடம் கேட்ட கேள்விக்குப் பின்னால் இந்தப் பயம் இருந்தது.

அவர் மாதிரியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மூக்கிலிருந்து எடுத்ததையும், அவர் பராமரிக்கும் பன்றியிடமிருந்து எடுத்ததையும் ஆட்டு ரத்தம் கலந்த இரண்டு தட்டுகளில் வளர்த்தேன். வகை பிரித்ததில் இரண்டும் 398. இந்தக் கிருமிக்கு ரத்த அணுக்களைக் கரைக்கும் நஞ்சு ஒன்று உண்டு. விசித்திரமான நஞ்சு. 37 டிகிரியில் அரைகுறையாகத்தான் வேலை செய்யும், குளிரில் வைத்தால் முழுதாகக் கரைக்கும். மனித ஃபேஜ் குடியேறுவது அந்த நஞ்சின் மரபணுவுக்கு நடுவில்தான். ஃபேஜ் உள்ளே வந்தால் அந்த மரபணு இரண்டாக உடைந்து நஞ்சு நின்றுவிடும். தட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். பன்றியின் தட்டில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் முந்தைய நாள் மங்கலாக இருந்த அகன்ற வளையம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அவருடைய தட்டில் அந்த வளையமே இல்லை. ஒட்டினாற்போலிருந்த சிறு வளையத்துக்கு அப்பால் ரத்தம் சிவப்பாகவே நின்றது. பிசிஆரில் சோதித்ததும் உறுதியானது: அவர் மூக்கிலிருந்த 398 மனித ஃபேஜைத் திரும்பப் பெற்றுவிட்டது. டெட்ராசைக்ளின் எதிர்ப்பு இரண்டிலும் இருந்தது.

அடுத்த முறை பண்ணைக்குப் போனபோது இரண்டு தட்டுகளின் படத்தையும் போனில் காட்டி விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ என்கிட்ட வந்தப்புறம் மனுசக் கிருமியா மாறிக்கிட்டிருக்கு" என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் மனைவி, மகன், மருமகள், கைக்குழந்தை ஒன்று இருக்கிறது, அவர்கள் மூக்கிலும் எடுத்துப் பார்க்க முடியுமா என்று அவரே கேட்டார். வரும் வாரம் போகிறேன். நான்கு பஞ்சுக்குச்சிகளைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், அதில் ஒன்று குழந்தைக்கான மெல்லியது.